பால்மரம் சுற்றும் கால்கள்

சுங்கை பெசார் போலீஸ் போஸ்ட்
3-3-1952

புஷ்பவள்ளிக்கு,

கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பேனாவை மூடி மூடி வைத்துப் பார்த்தேன். அது ஆறுகிற வழியாக இல்லை. ஆகவே சூட்டோடு எழுதுகிறேன். நீயும் சூட்டோடு படி.

உனக்கு நான் என்ன குறை வைத்தேன்? கோலசிலாங்கூர்த் திடலில் அத்தனை சனத்துக்கு முன்னால் என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாயே! கடைசி ரவுண்டு. போலீஸில் இதுவரை யாரும் கீழே தள்ளாத இடக்கைச் சூசைமுத்து என் குத்தை வாங்கிக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்திருக்கிறான். வெள்ளைக்காரத் துரை எண்ணுகிறார். அவன் எழுந்துவிட்டான், ஆனால் கால் தள்ளாடுகிறது. இன்னும் ஒரே குத்து, அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து என் மூலைப் பக்கமிருந்து ஒரு துண்டு பறந்து வந்து மேடை நடுவில் விழுகிறது. ரப்பர்ப் பால் கறை பிடித்த துண்டு. நீ தலையில் கட்டுகிற துண்டு!

குத்துச்சண்டையில் மூலையிலிருந்து துண்டு விழுந்தால், 'எங்கள் ஆள் தோற்றான், விட்டுவிடுங்கள்' என்று அர்த்தம். துரை சண்டையை நிறுத்திச் சூசைமுத்துவின் கையைத் தூக்கிவிட்டார். மூலையில் எனக்குத் துணை நின்ற எர்னஸ்ட் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் காட்டி, "சார், என் துண்டு இங்கதான் சார் இருக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினான். யார் கேட்டார்கள்?

அன்றைக்கு ஜெயித்திருந்தால் சிலாங்கூர் போலீஸ் குழுவில் எனக்கு இடம். கோலாலம்பூர் போலீஸ் டிப்போவுக்கு மாற்றல், குடும்பத்தோடு இருக்க வீடு. முள்வேலிக்குள் நீ, கம்யூனிஸ்டுகளைத் தேடிக் காட்டு ரோந்தில் நான் என்கிற இந்தப் பிழைப்பு முடிந்திருக்கும். எல்லாம் உன் துண்டோடு போயிற்று.

தோட்டத்துக்கு வந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன், சொன்னதை அள்ள முடியாது. அதனால்தான் நானே கேட்டு இந்தப் போஸ்டுக்கு வந்துவிட்டேன். துண்டு என்னிடம்தான் இருக்கிறது. அதைக் கேட்காதே.

இருசப்பன்


புக்கிட் நங்கா தோட்டம்
9-3-1952

மாமாவுக்கு,

சூட்டோடு படித்தேன். அந்தச் சூட்டிலேயே பதிலும் எழுதுகிறேன்.

நீங்கள் தோற்றீர்கள் என்றா துண்டைப் போட்டேன்? சந்தோஷம் தாங்காமல் போட்டேன்! மாரியம்மன் திருவிழாவில் சடுகுடு ஆடுகிறவன் நாலு பேரை உதறிக்கொண்டு கோட்டைத் தொட்டால் நம் சனம் என்ன செய்யும்? தோளில் கிடக்கிற துண்டைச் சுழற்றி மேலே எறியும். எங்கள் அப்பா அப்படி எறிந்து திரும்பக் கிடைக்காத துண்டுகளை வைத்து ஒரு கடையே போடலாம். கூத்தில் ராஜா வேஷக்காரன் நன்றாக அடி வைத்தாலும் துண்டுதான். நீங்கள் குத்தினீர்கள், அந்த மலை போல ஆள் உட்கார்ந்தான், எனக்குக் கை நிற்கவில்லை. வெள்ளைக்காரன் ஊரில் சந்தோஷத்துக்கும் தோல்விக்கும் ஒரே துண்டு என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நீங்கள் சொன்னீர்களா? "வள்ளி, முன்வரிசையில உக்காரு" என்று மட்டும் சொன்னீர்கள். உட்கார்ந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு ரவுண்டும் எர்னஸ்ட் அண்ணன் கற்றுக்கொடுத்தபடி கையை இப்படி வைத்து, தோளை அப்படி வைத்து, அடக்கமாக ஆடினீர்கள். அடி வாங்கினீர்கள். மூன்றாவதில் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அப்புறம்தான் உங்களுக்கு ஆவேசம் வந்தது, பாடம் எல்லாம் பறந்தது, அவன் விழுந்தான். வித்தையா அவனை விழத்தட்டியது? வெறிதான். உங்களுக்குள் இருக்கிற அந்த நெருப்பைத்தான் நான் கொண்டாடினேன். அதற்கா இந்தத் தண்டனை?

கோபித்துக்கொண்டு மாற்றல் கேட்ட புருஷனை இந்தத் தோட்டம் இப்போதுதான் பார்க்கிறது. தண்ணீர்க் குழாயடியில் வேலம்மா சும்மா இருப்பாளா? "உன் வீட்டுக்காரர் பொண்டாட்டிக்குப் பயந்து சுங்கை பெசாருக்கே ஓடிட்டாராமே" என்று கேட்கிறாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரவில் காட்டுப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் முன்பெல்லாம் வேலியோரம் நீங்கள் நிற்பது தெரியும். இப்போது எந்தப் பக்கம் பார்த்துப் பயப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

துண்டைத் திருப்பி அனுப்புங்கள். பால் தெறித்துத் தலைமுடி ஒட்டிக்கொள்கிறது.

புஷ்பவள்ளி


சுங்கை பெசார்
17-3-1952

புஷ்பவள்ளிக்கு,

முதலில் செய்தி, பிறகு சண்டை. எர்னஸ்ட் சும்மா இருக்கவில்லை. 'துண்டு மூலையில் நின்ற ஆளுடையது அல்ல, பார்வையாளருடையது' என்று இங்கிலீஷில் நீளமாக எழுதிப் போட்டிருக்கிறான். துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். மறுபடியும் சண்டை வைக்கச் சம்மதித்துவிட்டார்! ஆனால் ஈஸ்டர் முடிந்த பிறகுதான். தவக்காலத்தில் சூசைமுத்து கையுறை மாட்டமாட்டானாம். கோயிலில் நேர்ந்துகொண்டிருக்கிறான். நல்லது, எனக்கும் பழக நாள் வேண்டும். ஜெயித்தால் பழைய பேச்சுதான். டிப்போ, வீடு. தோற்றால் இந்த முறை ஒருவரையும் குறை சொல்ல முடியாது.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் குதிக்காதே. இனித்தான் சண்டை.

வெறியாம், நெருப்பாம்! அடி மாடுகூட வெறியில் முட்டும். சூசைமுத்து என்னை எத்தனை முறை தொட்டான் என்று பார்த்தாயா? அவன் கோபமே படுவதில்லை. கடைக்காரன் சாமான் எடுத்துக் கொடுப்பது போல நிதானமாக இடது கையை நீட்டுகிறான், அது என் தாடையில் வந்து உட்காருகிறது. ஒவ்வொரு முறையும்! நான் எங்கே போனாலும் அந்தக் கை எனக்கு முன்னால் போய்க் காத்திருக்கிறது. அதுதான் வித்தை. வெறி ஒரு குத்துக்குப் போதும், வித்தை மூன்று ரவுண்டுக்கும் போதும். நான் இங்கே வித்தையைத்தான் பழகப் போகிறேன். காலையில் அரிசி லோரிகளைச் சோதிக்கிற வேலை, மாலையில் தென்னந்தோப்பில் பயிற்சி. கூடவே இருக்கிற சிவானந்தம் தலையணையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், நான் குத்துகிறேன்.

நீ சண்டை பார்க்க வரவேண்டாம். வந்தாலும் கடைசி வரிசை.

ஒன்று கேட்கவேண்டும். கவரின் மேல் என் பெயரை எழுதியது யார்? அது உன் எழுத்து இல்லை. வளைத்து வளைத்து அழகாக இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

இருசப்பன்


புக்கிட் நங்கா தோட்டம்
27-3-1952

மாமாவுக்கு,

செய்தியைப் படித்துவிட்டுக் குதித்தேன். நீங்கள் குதிக்காதே என்று எழுதியதை அப்புறம்தான் படித்தேன்.

கவரில் எழுதியது எர்னஸ்ட் அண்ணன் சம்சாரம் ரோசரி. உங்கள் பெயரை நான் எழுதலாமா? கல்யாணமான நாளிலிருந்து வாயாலும் சொன்னதில்லை. ரோசரிக்கு என்னைப் பார்த்தால் வேடிக்கை. அவள் நடுவாசலில் நின்று "எர்னஸ்ட்! எர்னஸ்ட்!" என்று கோழியைக் கூப்பிடுவது போலக் கூப்பிடுகிறவள். "ஒரு வாட்டி சொல்லித்தான் பாரேன் வள்ளி, வாயில புண்ணா வந்துடப் போவுது?" என்கிறாள். எனக்கு நினைத்தாலே காது சுடுகிறது.

இப்போது ஒழுங்காகக் கேளுங்கள். உங்கள் சண்டைக்கு வேண்டிய ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருக்கிறேன். சிரிக்கக் கூடாது.

வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பிடி சோறு காட்டிலிருக்கிறவர்கள் கைக்குப் போய்விடுமாம். கேட்டில் தூக்குச்சட்டியைத் திறந்து பார்க்கிறார்கள், அதில் தண்ணீர் மட்டும்தான் இருக்கவேண்டும். பசியோடு பாலுக்கு மரம் வெட்டும்போது தலை ஒரு பக்கம் போகிறது, கால் தானாக ஒரு பக்கம் போகிறது. முந்தாநாள் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டையில் வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்குகிறது. கத்தி இறங்க இறங்க நானும் வலப்பக்கமாக மரத்தைச் சுற்றுகிறேன். அடுத்த மரம், அங்கும் வலப்பக்கம். அதற்கடுத்ததும் அப்படியே. ஒரு மரத்தைக்கூட நான் இடப்பக்கம் சுற்றியதில்லை.

கத்தியைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன் மாமா. மேடையில் நீங்கள் நடந்தது அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. நீங்கள் சூசைமுத்துவைச் சுற்றவில்லை, பால்மரத்தைச் சுற்றினீர்கள்! எப்போது பார்த்தாலும் உங்கள் வலப்பக்கம். அங்கே என்ன இருக்கிறது? எதிரே நிற்கிறவனுடைய இடது கை. அவன் இடக்கையன். அந்தக் கை உங்களைத் தேடி வரவேயில்லை. நீங்கள்தான் ஒவ்வொரு முறையும் அதனிடம் போய்த் தாடையைக் கொடுத்தீர்கள். கத்தியைப் போட்டுத் துப்பாக்கி எடுத்து மூன்று வருஷமாகியும் உங்கள் கால் இன்னும் மரம் வெட்டிக்கொண்டிருக்கிறது.

எர்னஸ்ட் அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ரைட்டுல போகாதே போகாதேன்னு இவன்கிட்ட நான் கத்தாத நாள் இல்லலா! சரி சரிம்பான், மறுபடி ரைட்டுலயே போவான். மரம்னு ஒரு வார்த்தை எனக்குத் தோணலியே!" என்றார்.

மரத்தை மாற்றிச் சுற்றிப் பழகுங்கள். ஆனாலும் நெருப்புதான் பெரிது என்பதில் எனக்கு மாற்றம் இல்லை.

புஷ்பவள்ளி

துண்டு வரவில்லை.


சுங்கை பெசார்
6-4-1952

வள்ளிக்கு,

சிரித்தேன். நீ சிரிக்காதே என்று எழுதியதற்காகவே சிரித்தேன். மரமாம், காலாம், பெண்பிள்ளை குத்துச்சண்டை சொல்லித் தருகிறாளாம் என்று சிவானந்தத்திடம் படித்துக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. "எங்கே, அந்தத் தென்னையைச் சுத்து பார்ப்போம்" என்றான். சுற்றினேன். வலப்பக்கம். "இப்ப அந்தப் பக்கமா சுத்து" என்றான். என் கால் என் காலிலேயே மாட்டிக்கொண்டு தொபுக்கென்று விழுந்தேன். போஸ்டே கூடிவிட்டது. கார்ப்பரல் வந்து, "குடிச்சிருக்கியா?" என்று கேட்டார்.

அன்று முழுக்க உன் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். வித்தை வித்தை என்று உனக்கு அத்தனை பக்கம் எழுதினேனே, என் காலில் இருந்த கோளாறு எனக்குத் தெரியவில்லை. நடக்கிறவனுக்குத் தன் நடை எங்கே தெரிகிறது?

இப்போது காலையும் மாலையும் இடப்பக்கமாகத் தென்னையைச் சுற்றுகிறேன். பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து மீன் கொண்டுவருகிற மலாய்க்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டு, ஏதாவது வேண்டுதலா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி அனுப்பினேன். உண்மையும் அதுதானே! கோலாலம்பூரில் ஒரு வீடு, வேலி இல்லாத வாசல், அடுப்பில் நம் சோறு, கேட்டில் உன்னைத் தட்டிச் சோதிக்க ஆள் இல்லை. இந்தத் தென்னையிடம் அதைத்தான் கேட்கிறேன்.

போன வாரம் ரோந்துக்குப் போனவர்களில் ஒருவன் தோளில் குண்டு பட்டுத் திரும்பினான். பயப்படாதே, நான் அந்த வரிசையில் இல்லை. எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் உன்னிடம் எழுதாமல் யாரிடம் எழுதுவேன்?

சண்டை 26ஆம் தேதி சனிக்கிழமை, அதே திடல். நீ வரவேண்டும். முதல் வரிசையிலேயே உட்கார். நிபந்தனை ஒன்றுதான்: கையில் துண்டு இருக்கக் கூடாது. கைக்குட்டைகூட வேண்டாம்.

இருசப்பன்


புக்கிட் நங்கா தோட்டம்
19-4-1952

மாமாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், ரோசரி கவரோடு வாசலில் நிற்கிறாள்.

நாங்கள் வருவதே சந்தேகமாகிவிட்டது. பத்தாங் பெர்ஜுந்தை ரோட்டில் பஸ்ஸைக் கொளுத்திவிட்டார்கள். ஆட்களை இறக்கிவிட்டுத்தான் கொளுத்தினார்களாம், புண்ணியம். தோட்டத்துத் துரை லோரி கிடையாது என்று சொல்லிவிட்டார். எங்களை வேலை வாங்குகிற மண்டோர் ரெங்கசாமி, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் எல்லாருக்கும் முன்னால் நின்று, "இருசப்பன் நம்ம லயத்துப் பையன் தொரை. நாங்க போவாட்டி அவனுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டார். மண்டோருக்கு இவ்வளவு தைரியம் எங்கே இருந்தது என்று எங்களுக்கே ஆச்சரியம். கடைசியில் முன்னால் ஒரு போலீஸ் வண்டி வந்தால் லோரி உண்டு என்று முடிவாகியிருக்கிறது.

எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்: துண்டை எறிகிறவன் கையை நானே ஒடிப்பேன். எர்னஸ்ட் அண்ணன் இரண்டு நாள் முன்னாலேயே கோலசிலாங்கூர் வந்து உங்களைப் பார்ப்பார். நன்றாகச் சாப்பிடுங்கள். இடப்பக்கம், மாமா, இடப்பக்கம்.

புஷ்பவள்ளி


புக்கிட் நங்கா தோட்டம்
27-4-1952

மாமாவுக்கு,

ஜெயித்துவிட்டீர்கள்! ஜெயித்துவிட்டீர்கள்! பேனா ஓடமாட்டேன் என்கிறது.

ஆனால் எப்படி ஜெயித்தீர்கள்? எனக்குத் தெரியாது! உங்களைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவும் விடவில்லை. ஊரடங்கு நேரம் வருகிறது, ஏறு ஏறு என்று போலீஸ்காரர் எங்களை மாட்டை ஓட்டுவது போல லோரியில் ஏற்றிவிட்டார். வழியெல்லாம் பாட்டுதான். மண்டோர் ஆடியே விட்டார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். வேலம்மா இடது கையால் குத்தினீர்கள் என்கிறாள். உடையப்பன் கண்ணால் பார்த்தானாம், தலையால் முட்டினீர்களாம். குத்துச்சண்டையில் முட்டலாமா?

நான் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும். நான் செய்த காரியத்துக்கு அப்புறம் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு குனிந்துவிட்டேன். சனம் எழுந்து நின்று கூச்சல் போட்டது. யார் விழுந்தார்கள் என்று தெரியாமல் மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரோசரிதான் என்னை உலுக்கி, "அடியே எழுந்திரு, உன் ஆளு கையைத் தூக்கிட்டாங்க!" என்றாள்.

லயத்தில் ஒரு வீட்டு வாசலிலும் தலை காட்ட முடியவில்லை. பொடிசுகள்கூட என்னைக் கண்டால் அந்தப் பெயரைக் கத்திவிட்டு ஓடுகின்றன. எனக்குத் துக்கமா சந்தோஷமா என்றே புரியவில்லை. உங்களுக்குக் கோபமா? இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். ஆனால் முதலில் எப்படிக் குத்தினீர்கள் என்று எழுதுங்கள்.

புஷ்பவள்ளி


சுங்கை பெசார்
30-4-1952

என் வள்ளிக்கு,

உட்கார்ந்து படி. முதலிலிருந்து சொல்கிறேன்.

திடலுக்குள் நுழையும்போதே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. வாசலில் துண்டு மலை! உள்ளே வருகிற அத்தனை தமிழனிடமும் துண்டைப் பிடுங்கி ஒரு குவியலாகப் போட்டிருந்தார்கள். துரை உத்தரவாம். காட்டு ஆட்களைத் தேடுவதைவிட அக்கறையாகத் துண்டைத் தேடினார்கள். மண்டோர் தோளில் துண்டில்லாமல் உரித்த கோழி போல நின்றார். துண்டில்லாமல் நம் சனத்துக்குச் சந்தோஷப்படவே தெரியவில்லை வள்ளி. இழவு வீடு போல உட்கார்ந்திருந்தார்கள். நீ கையிரண்டையும் மடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாய்.

முதல் ரவுண்டு. இடப்பக்கம் சுற்றினேன். சூசைமுத்துவின் கை நீண்டது, அங்கே நான் இல்லை! மறுபடி நீண்டது, மறுபடியும் நான் இல்லை! அவன் முகம் முதல்முறையாகச் சுருங்கியது. எனக்கு உள்ளே ஒரே குஷி. ஆனால் மணி அடித்து மூலைக்குப் போனதும் எர்னஸ்ட் பல்லைக் கடித்தான். "டேய், டான்ஸ் ஆட வந்தியா? ஒரு குத்துகூடக் குத்தலியேடா!" அப்போதுதான் எனக்கே தெரிந்தது. காலை நினைத்துக்கொண்டிருந்ததில் கையை மறந்துவிட்டேன்.

இரண்டாவதில் கையை நினைத்தேன், கால் தடுமாறியது. மணப்பெண் படி தாண்டுவது போல யோசித்து யோசித்து அடி வைத்தேன். அவன் விடுவானா? விலாவில் ஒன்று, மூக்கில் ஒன்று. முழங்காலில் உட்கார்ந்தேன். எண்ணிக்கை முடியுமுன் எழுந்துவிட்டேன். உன் பக்கம் பார்க்க வெட்கமாக இருந்தது.

மூன்றாவதில் நீ சொல்வாயே, அந்த நெருப்பு வந்துவிட்டது. வித்தையாவது ஒன்றாவது, கோலாலம்பூர் வீடு கண்ணெதிரே போகிறது என்று பாய்ந்தேன். நெருப்பு வந்ததும் கால் என்ன செய்தது தெரியுமா? பழைய வேலைக்குப் போய்விட்டது! வலப்பக்கம். மரம் வெட்டப் போய்விட்டது. நான் அதைக் கவனிக்கவேயில்லை. சூசைமுத்து கவனித்தான். அவனுடைய இடது கை பின்னால் போய், ஏற்றி வைத்த துப்பாக்கி போல நின்றது.

அப்போது கேட்டது. அத்தனை சனமும் வாயடைத்துக் கிடந்த திடலில் ஒரே ஒரு குரல்.

"இருசப்பா!"

என் பெயர் என் காதுக்குப் புதிதா? அம்மா கூப்பிட்டிருக்கிறாள், மண்டோர் கூப்பிட்டிருக்கிறார், கார்ப்பரல் தினமும் கூப்பிடுகிறார். ஆனால் அந்தக் குரலில் அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. சண்டையும் போயிற்று, சூசைமுத்துவும் போனான். 'யார், என் வள்ளியா?' என்று அப்படியே உன் பக்கம் திரும்பிவிட்டேன். சண்டைக்கு நடுவில்! எந்த மடையனாவது செய்வானா?

திரும்பிய அந்த நொடியில் அவன் இடது கை என் காதை உரசிக்கொண்டு வெறும் காற்றில் போயிற்று. முழு பலத்தோடு வீசியவன் முன்னால் சாய்ந்துவிட்டான். திரும்பின உடம்பு பழைய இடத்துக்கு வரும்போது என் வலது கையும் கூடவே வந்தது. அங்கே அவன் தாடை இருந்தது. அவ்வளவுதான் வள்ளி. நான் குத்தினேன் என்றுகூடச் சொல்லமாட்டேன். துரை பத்து எண்ணி முடித்தும் அவன் உட்கார்ந்தேயிருந்தான். உடையப்பனிடம் சொல், தலையால் முட்டவில்லை.

எர்னஸ்டுக்கு இன்னும் விளங்கவில்லை. "அந்தத் தலையைத் திருப்புற டெக்னிக்கை எங்கேடா கத்துக்கிட்டே? எனக்குக்கூடத் தெரியாதேடா!" என்று உருகுகிறான். என்ன சொல்ல? சூசைமுத்து நல்ல மனுஷன். கையைக் குலுக்கிவிட்டு, "உன் சம்சாரமா அது? அடுத்த வாட்டி நானும் வீட்டம்மாவைக் கூட்டியாறேன், அவளும் கத்தட்டும்" என்றான்.

கோபமா என்று கேட்டாயே. எனக்குக் கோபமே இல்லை. ரோந்து போகும்போதுகூட அந்தக் குரல் காதில் விழுகிறது, தானாகச் சிரிக்கிறேன். வித்தை வித்தை என்று உன்னோடு மல்லுக்கு நின்றவன் இன்று ஒப்புக்கொள்கிறேன்: ஜெயித்தது ஆவேசம்தான். என்னுடையது அல்ல, உன்னுடையது. உன்னையறியாமல் வாயைக் கிழித்துக்கொண்டு வந்ததே, அது.

டிப்போவுக்கு ஆர்டர் வந்துவிட்டது. அடுத்த மாதம் வீடு தருகிறார்கள். மூட்டை கட்டு.

கடைசியாக உன் துண்டு. எர்னஸ்ட் கொண்டுவந்த பேண்டேஜ் போதாது என்று சொல்லி அதை இரண்டாகக் கிழித்துக் கைகளில் சுற்றித்தான் கையுறை மாட்டினேன். அவன் கொண்டுவந்தது போதுமானதாகத்தான் இருந்தது, பொய் சொன்னேன். அன்றைக்குத் திடலுக்குள் போன ஒரே தமிழன் துண்டு உன்னுடையதுதான்.

உன்
இருசப்பன்


புக்கிட் நங்கா தோட்டம்
5-5-1952

மாமாவுக்கு,

கவரைப் பார்த்தீர்களா? வளைவும் நெளிவும் இல்லாமல் கோணல் மாணலாக இருக்கிறதே, அது என் எழுத்துதான். கோலசிலாங்கூர் முழுக்கக் கேட்கக் கத்தியாயிற்று, இனித் தபால்காரரிடம் என்ன ஒளிவு? எழுதி முடிக்க மூன்று கவர் வீணாயிற்று. ரோசரி பக்கத்தில் நின்று கைதட்டினாள்.

டிப்போ என்றதும் வேலம்மா அழுதுவிட்டாள். என்னை அத்தனை கேலி செய்தவள், என் நிரை மரங்களையும் தானே சேர்த்து வெட்டித் தருவதாகச் சொல்லி என்னை மூட்டை கட்ட அனுப்பப் பார்த்தாள். போகிற நாள் வரை வேலைக்குப் போவேன் என்று சொல்லிவிட்டேன். மரங்களிடம் எனக்கும் பேச்சு இருக்கிறது, நமக்கு வீடு வாங்கித் தந்ததே அவைதானே. நேற்று வெட்டி முடித்ததும், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு ஒரு மரத்தை இடப்பக்கமாகச் சுற்றிப் பார்த்தேன். உங்களைப் போலவே தடுக்கி விழப் பார்த்தேன். மங்குக் கிண்ணத்தில் வடிந்திருந்த பால் தப்பித்தது.

துண்டைக் கிழித்ததற்குத் தனியாகச் சண்டை உண்டு. புது வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு இடத்தை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். என்னையறியாமல் ஆவேசத்தில் கத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னது? கையை மடியில் அமுக்கிக்கொண்டு உங்கள் காலைத்தான் முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் ரவுண்டில் அது மரத்துக்குத் திரும்பியது, அவன் கை பின்னால் போனது. எறியத் துண்டு இல்லை, ஓடிவர வழி இல்லை. இருந்தது வாய் மட்டும்தான். எதைச் சொல்லிக் கத்துவது? 'இடப்பக்கம்' என்றால் அவனுக்கும் தமிழ் தெரியும். 'மாமா' என்றால் அந்தத் திடலில் பாதி ஆம்பிளைகள் திரும்பியிருப்பார்கள், நீங்கள் திரும்பியிருக்கமாட்டீர்கள். யார் கூப்பிட்டாலும் காதில் போட்டுக்கொள்ளாத நிலையில் இருந்தீர்கள். உங்களை மட்டும், அந்த நொடியிலேயே, எதைப் போட்டாவது திருப்பவேண்டும். நான் ஒருமுறைகூடச் சொல்லாமல் வைத்திருந்தது அந்த ஒன்றுதான். யோசித்துத்தான் எடுத்தேன். வெட்கமெல்லாம் அப்புறம் வந்தது.

அது ஆவேசம் இல்லை. அதுதான் வித்தை. எர்னஸ்ட் அண்ணனுக்கு விளங்கவில்லை என்றால் என்னிடம் வந்து கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், இருசப்பா.

புஷ்பவள்ளி